பேரும் மாறுச்சு... இடமும் மாறுச்சு!

ஒரு ஊருக்குப் பேர் மாறுறது நமக்குப் புதுசில்ல. ஆனா, ஊரே இடம் மாறி, அப்புறம் பேர் மாறி, தொழிலும் மாறினா? ரஷ்யாவுல வோல்கா நதிக்கரையில இருக்கிற தொல்யாத்தியோட கதை அதுதான். மெக்கானிக்கல் பசங்க கொஞ்சம் முன்னாடி வந்து உட்காருங்க!

1737-ல் வசீலி ததீஷெவ் என்பவர் இங்கே ஒரு கோட்டை கட்டினார். கிறிஸ்தவத்துக்கு மாறிய கல்மீக் இன மக்களைக் குடியமர்த்தத்தான் அந்தக் கோட்டை. ஊர்ப் பேர் ஸ்தாவ்ரபோல். கிரேக்க மொழியில 'சிலுவை நகரம்'னு அர்த்தம். அப்புறம் ரெண்டு நூற்றாண்டுக்கு, மரவீடுகள் நிறைஞ்ச சின்ன ஊராவே இருந்துச்சு.

1950-ல் பக்கத்துல ஒரு பிரமாண்ட நீர்மின் நிலையம் கட்ட ஆரம்பிச்சது சோவியத் அரசு. அணை எழுந்தா தண்ணி தேங்கும், ஊர் மூழ்கும். அதனால 1953-லேர்ந்து 1955 வரைக்கும் வீடுகளைக் கட்டை கட்டையாப் பிரிச்சு, மேட்டு நிலத்துக்குக் கொண்டுபோய் மறுபடியும் பூட்டினாங்க. பழைய ஊர் இருந்த இடம் இன்னிக்கும் நீர்த்தேக்கத்துக்கு அடியில! 2,300 மெகாவாட்னு படிக்கும்போது நமக்கு 'அடேங்கப்பா'ன்னுதான் வரும். ஆனா, அந்த அணையில வேலை பார்த்தவங்கள்ல பல்லாயிரம் பேர் சிறைக் கைதிகள். இதையும் சேர்த்தே படிக்கணும் பாஸ்.

அடுத்து பேர். பல்மீரோ தொல்யாத்தி, இத்தாலிய கம்யூனிஸ்ட் தலைவர். 1964 ஆகஸ்ட்ல சோவியத் நாட்டுக்கு வந்தவர், யால்டாவுல இறந்துட்டார். அதே மாசம் அவர் பேரை இந்த ஊருக்கு வெச்சுட்டாங்க. அவருக்கும் ஊருக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. ஆனா, பேர் வெச்ச நேரமோ என்னமோ, ரெண்டே வருஷத்துல இத்தாலியே வந்து இறங்குச்சு. கார் தொழிற்சாலை கட்ட 1966-ல் ஃபியட்டோட ஒப்பந்தம்!

ஃபியட் 124 காரை அப்படியே காப்பி அடிக்கல. ரஷ்யச் சேத்துக்குப் பின்பக்க டிஸ்க் பிரேக் தாங்காதுன்னு டிரம் பிரேக் வெச்சாங்க. பாடிக்குத் தடிமனான தகடு. தரைக்கும் காருக்கும் நடுவுல கூடுதல் இடைவெளி. இன்ஜினுக்கு உள்ளே இருந்த கேம்ஷாஃப்ட்டைத் தலைக்கு மேல ஏத்தினாங்க. பேட்டரி செத்தா கையால சுத்தி ஸ்டார்ட் பண்ண ஒரு கம்பி வேற! 1970 ஏப்ரல் 19-ல் முதல் ஆறு கார்கள் வெளியே வந்துச்சு. நதிக்கு எதிர்க்கரையில இருக்கிற மலையோட பேரான 'ஷிகுலி'யை காருக்கு வெச்சாங்க. வெளிநாட்டுக்கு அதுவே 'லாடா'. (நம்ம ஊர் பிரீமியர் 118 என்.இ. பார்த்திருக்கீங்களா? அதுவும் அதே ஃபியட் 124 ஜாடைதான்!)

கார் ஓடுச்சோ இல்லையோ, ஊர் ஓடுச்சு. வெறும் புல்வெளியில நூல் பிடிச்ச மாதிரி அகலமான ரோடு, ஒரே மாதிரி அடுக்குமாடிகள். 1959-ல் 72,000 பேர் இருந்த இடத்துல, 1979-ல் 5 லட்சம் பேர். கடலே இல்லாத இந்த ஊரோட டெக்னிக்கல் மியூசியத்துல ஒரு நிஜ நீர்மூழ்கிக் கப்பலே நிக்குது. கெத்துதான்!

ஊரே ஒரு கம்பெனியை நம்பினா என்ன ஆகும்? 1991-ல் சோவியத் உடைஞ்சதும், வெளியே வர்ற கார்களுக்காக ரவுடி கோஷ்டிகள் அடிச்சுக்கிட்டாங்க. இதையெல்லாம் எழுதின உள்ளூர்ப் பத்திரிகையோட ஆசிரியர் வலேரி இவனோவை 2002-ல் சுட்டுக் கொன்னாங்க. அடுத்து அந்த நாற்காலியில உட்கார்ந்த அலெக்ஸி சிதோரோவை 2003-ல் கத்தியால குத்திக் கொன்னாங்க. படிச்சப்போ கொஞ்ச நேரம் பக்கத்தைத் திருப்பவே தோணல.

2008-ல் பங்கு வாங்கி உள்ளே வந்த ரெனோ, உக்ரைன் போருக்கு அப்புறம் 2022 மே மாசம் தன்னோட பங்கை வித்துட்டுக் கிளம்பிடுச்சு. விலை? ஒரே ஒரு ரூபிள்! வெளிநாட்டு உதிரிபாகம் வராம தொழிற்சாலை நின்னு, ஜூன்ல மறுபடி ஓட ஆரம்பிச்சப்போ வந்த லாடா கிரான்டாவுல ஏர்பேக்கும் இல்ல, ஏ.பி.எஸ்.ஸும் இல்ல. 2002-ல் 7 லட்சத்தைத் தாண்டியிருந்த ஊர் ஜனத்தொகை, 2021 கணக்கெடுப்புல 6.85 லட்சத்துக்குக் கீழே.