எதை அட்ஜஸ்ட் பண்ணணும்?

செங்கல்பட்டில் எங்கள் வீட்டு முன்னறைதான் அம்மாவின் தையல் கடை. ஒரு மிதி மிஷின், துணி வெட்ட ஒரு மேசை, ஆணியில் தொங்கும் டேப், மூலையில் பெயர்ச் சீட்டு குத்திய ஜாக்கெட் மூட்டைகள். 2016இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த அறையில் வைத்துத்தான் என் தங்கை என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அதற்கு இன்றுவரை நான் நேராகப் பதில் சொன்னதில்லை. இந்தக் கட்டுரையை அந்தப் பதிலாக வைத்துக்கொள்ளலாம்.

அவளுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், கடற்கரைச் சாலையை ஒட்டிய ஓர் ஊரில் கொடுத்திருந்தோம். அவள் நர்ஸ். திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து, சுமார் 30 கிலோமீட்டர் வந்து செங்கல்பட்டில் வேலை பார்த்தாள். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஏழு பேருக்குச் சமைத்து வைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அவளுடைய ஏடிஎம் கார்டு கணவனிடம் இருந்தது. பஸ்ஸுக்கான காசைத் தினமும் காலையில் அவனிடம் கேட்டு வாங்க வேண்டும். கேட்கும்போதெல்லாம், "நேத்து குடுத்தது என்னாச்சு?" என்று கேட்பானாம்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நான் சொன்னேன்: "புது எடம். கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும். அட்ஜஸ்ட் பண்ணிக்கோடி."

அவள் கோபப்படவில்லை. ரொம்பச் சாதாரணமாக, உண்மையிலேயே தெரியாமல் கேட்பதுபோலக் கேட்டாள்: "எதைக்கா?"

"எதைன்னா?"

"எதை அட்ஜஸ்ட் பண்ணணும்னு கேக்கறேன்."

எனக்கு வாய் வரவில்லை. அம்மா மிஷினை நிறுத்தவில்லை. சாயங்காலம் தங்கை பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

நான் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவள். சொற்களின் பூர்வீகம் பற்றி வகுப்பில் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறேன். ஆனால் தினமும் பத்து முறை வாயில் வரும் இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று நான் பார்த்ததே இல்லை. தங்கை போன பிறகுதான் பார்த்தேன்.

லத்தீனில் 'யுக்ஸ்தா' என்றால் 'அருகில்', 'பக்கத்தில்'. அதிலிருந்து 'பக்கத்தில் கொண்டுவா' என்று பொருள்படும் ஒரு வினைச்சொல் பிறந்தது. பழைய பிரெஞ்சில் அது 'சேர்', 'இணை' என்றானது. ஆங்கிலத்துக்குள் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'குறையைச் சரிசெய்' என்ற பொருளில் ஒருமுறை வந்தது. 1600 வாக்கில் 'ஒழுங்குபடுத்து', 'தீர்த்து வை' என்ற பொருளில் மறுபடியும் பிரெஞ்சிலிருந்து வந்தது. பிறகு 'பொருந்தும்படி மாற்று' என்று விரிந்தது. 18ஆம் நூற்றாண்டில் இன்சூரன்ஸ்காரர்கள் இழப்பீட்டுக் கணக்கைத் தீர்ப்பதற்கு அதை எடுத்துக்கொண்டார்கள்.

வழியில் ஒரு கலப்பும் நடந்தது. இந்தச் சொல்லுக்குள் 'ஜஸ்ட்' என்ற ஒலி இருக்கிறது அல்லவா? நியாயம், நீதி என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லின் ஒலி அது. அதனால் அட்ஜஸ்ட் என்பதே 'நியாயமாக்கு' என்பதிலிருந்துதான் பிறந்தது என்று பலர் நினைத்தார்கள். அந்த நினைப்பு சொல்லின் உருவத்தையும் பொருளையும் பாதித்தது. உண்மையில் இரண்டுக்கும் வேர் வேறு வேறு. அட்ஜஸ்ட்டுக்குள் நியாயம் வந்தது ஒரு தவறான நினைப்பால்.

அதன் சொந்த வேரைத் தேடி இன்னும் பின்னால் போனால், 'பூட்டு', 'இணை' என்ற பொருளுள்ள மிகப் பழைய ஒரு வேருக்குப் போய்ச் சேர்கிறோம். மாட்டின் கழுத்தில் பூட்டும் நுகத்தடிக்கான ஆங்கிலச் சொல்லும் அதே வேர்தான். நாம் தாம்பத்தியம் என்று சொல்வதற்கான ஆங்கிலச் சட்டச் சொல்லும் அதே வேர்தான். நுகமும் தாம்பத்தியமும் அட்ஜஸ்ட்டும் ஒரே குடும்பம் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு போய்விட்டது.

ஆங்கிலத்தில் வெகுகாலத்துக்கு இந்தச் சொல்லை ஆள்கிறவர் ஏதோ ஒரு பொருளை அட்ஜஸ்ட் செய்தார். கடிகாரத்தை, தராசை, கணக்கை. ஒரு மனிதர் புதிய நிலைமைக்குத் தன்னைப் பழக்கிக்கொள்வது என்ற பொருள் 20ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. அதற்குப் பிறகு, மாற வேண்டியது நிலைமையா மனுஷியா என்ற கேள்வியே இல்லாமல் இந்தச் சொல்லைப் பயன்படுத்த முடிந்தது.

தமிழுக்கு வந்த பிறகு அது இன்னும் சாமர்த்தியமாகிவிட்டது. நாம் பேசுவதைக் கவனித்துப் பாருங்கள். "ஃபேன் ஸ்பீடை அட்ஜஸ்ட் பண்ணு." இங்கே மாறுவது ஃபேன். "அட்வான்ஸைக் கடைசி மாச வாடகையில அட்ஜஸ்ட் பண்ணிடலாம்." இங்கே கணக்கு. "ஒரு ஐந்நூறு ரூபா அட்ஜஸ்ட் பண்ண முடியுமா?" இது கடன் கேட்கும் கௌரவமான முறை. எல்லாவற்றிலும் ஒரு 'எதை' இருக்கிறது.

"அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று சொல்லும்போது மட்டும் அந்த 'எதை' காணாமல் போகிறது. அதற்குப் பதிலாக 'கொள்' என்ற துணைவினை ஓடிவந்து ஒட்டிக்கொள்கிறது. தமிழில் 'கொள்' வினையைச் செய்பவர் மேலேயே திருப்பிவிடும். 'பார்' வேறு, 'பார்த்துக்கொள்' வேறு. 'பொறு' வேறு, 'பொறுத்துக்கொள்' வேறு. அப்படித்தான் அட்ஜஸ்ட் பண்ணுவது வேறு, அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்வது வேறு. முதலாவதில் உலகம் மாறுகிறது. இரண்டாவதில் நாம் மாறுகிறோம். என் தங்கை கேட்டது இலக்கணப்படியும் சரியான கேள்வி. அவள் செயப்படுபொருளைக் கேட்டாள்.

ஆங்கிலம் வருவதற்கு முன்னால் நம் பெண்கள் சுதந்திரமாக இருந்தார்கள் என்று சொல்ல வரவில்லை. அப்போதும் 'அனுசரித்துப் போ' இருந்தது. அனுசரிப்பது என்றால் பின்னால் செல்வது. 'விட்டுக்கொடு' இருந்தது. அந்தச் சொற்களில் குறைந்தபட்சம் நேர்மை இருந்தது; பின்னால் போ, உன்னுடையதை விடு என்று வெளிப்படையாகவே சொல்லின. அட்ஜஸ்ட் என்பது அதையே ஒரு சின்னத் திருகாணியைத் திருகுவதுபோலச் சொல்கிறது. 'கொஞ்சம்' என்று முன்னால் சேர்த்துவிட்டால் போதும், எவ்வளவு பெரியதையும் கேட்டுவிடலாம்.

எவ்வளவு பெரியது வரை என்பதை மலையாளத் திரையுலகம் பற்றிய ஹேமா குழு அறிக்கை காட்டியது. 2019 இறுதியில் அரசிடம் கொடுக்கப்பட்ட அந்த அறிக்கை 2024 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. வாய்ப்புக்குப் பதிலாகப் பெண்களின் உடலைக் கேட்பதற்கு அங்கே புழங்கும் சொற்களில் ஒன்றாக அது பதிவு செய்திருப்பது 'அட்ஜஸ்ட்மென்ட்'. தமிழ்த் திரையுலகிலும் அதே சொல்தான், அதே பொருள்தான். நமக்கு யாரும் விளக்கவே வேண்டியதில்லை. நான் என் தங்கையிடம் சொன்ன சொல்லும் அதுவேதான்.

இந்தச் சொல்லை முழுக்கத் தூக்கி எறியவும் எனக்கு மனம் வரவில்லை. காரணம், ரயிலில் பெண்கள் பெட்டி. செங்கல்பட்டிலிருந்து காலையில் கிளம்பும் மின்சார ரயிலில் போனவர்களுக்குத் தெரியும். மூன்று பேர் உட்காரும் இருக்கை. நாலாவதாக ஒருத்தி பையும் டிபன் பாக்ஸுமாக வந்து நிற்பாள். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கம்மா." ஜன்னலோரத்துக்காரி ஒரு அங்குலம் நகர்வாள், நடுவில் இருப்பவள் ஒரு அங்குலம், ஓரத்தில் இருப்பவள் ஒரு அங்குலம். நாலாவது பெண்ணும் பாதிதான் உட்கார முடியும். நாலு பேருக்கும் கொஞ்சம் இடைஞ்சல். நாலு பேரும் உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பழைய லத்தீன் சொல்லின் 'பக்கத்தில்' என்ற பொருள் சேதமில்லாமல் உயிரோடு இருப்பது அந்த இருக்கையில்தான்.

வீட்டிலும் இதே சொல்தான். ஆனால் அங்கே நகர்கிறவள் ஒருத்தி மட்டும். அவள் இருக்கையின் விளிம்புக்கு வந்து, விழுந்து, எழுந்து நின்ற பிறகும் அதே சொல்லைச் சொல்கிறோம்.

தங்கை மறுபடி வந்தபோது ஒன்றே முக்கால் வருடம் கடந்திருந்தது. இந்த முறை பை பெரியது. ராத்திரி அம்மா அவளுக்கு நைட்டி எடுத்துக் கொடுக்கும்போது தோளில் இருந்த தடத்தைப் பார்த்தார். முதல் முறை வந்தபோதே அடி ஆரம்பமாகியிருந்ததாம். "ஏண்டி அன்னைக்கே சொல்லல?" என்று கேட்டேன்.

"பஸ் காசுக்கே அட்ஜஸ்ட் பண்ணிக்கோன்னு சொன்ன. அடிக்கு என்ன சொல்லுவியோன்னு பயந்துட்டேன்கா."

அதற்கு மேல் இதைப் பற்றி எழுத என்னால் முடியாது.

அம்மா ஒன்றுமே சொல்லவில்லை. மறுநாள் காலையில் தங்கையின் பழைய ஜாக்கெட்டுகளை எடுத்து மேசையில் போட்டார். அவள் மெலிந்துவிட்டிருந்தாள். டேப்பால் அளந்து, ஒவ்வொன்றாக உள்ளே பிடித்துத் தைத்தார். அம்மா எந்த ஜாக்கெட்டிலும் பக்கத்தில் துணியை ஒட்ட வெட்டமாட்டார். கொஞ்சம் விட்டு, இரண்டு மூன்று வரிசை தையல் போடுவார். உடம்பு பெருத்தால் ஒரு வரிசையைப் பிரித்துக்கொள்ளலாம். யாராவது, "நான் கொஞ்சம் எளைச்சா சரியாயிடும்" என்று சொல்லி இறுக்கமான ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு போகப் பார்த்தால் விடமாட்டார். "நீ ஏம்மா எளைக்கணும்? குடு, பிரிச்சுத் தரேன்" என்பார். முப்பது வருடத் தொழிலில் அவர் துணிக்காக உடம்பைக் குறை சொன்னதே இல்லை. என் கல்லூரிப் படிப்புக்குத் தெரியாதது அந்த டேப்புக்குத் தெரிந்திருந்தது.

துணியைச் சரிசெய்வதற்கு ஆங்கிலத்தில் 'மெண்ட்' என்பார்கள். அது 'அமெண்ட்' என்பதன் தலை தேய்ந்த வடிவம். லத்தீனில் 'மெண்டா' என்றால் பிழை, குறை. அதை வெளியே எடுப்பதுதான் அமெண்ட். கிழிந்த துணிக்கு மெண்ட், பிழையான சட்டத்துக்கு அமெண்ட். தமிழில் திருத்தம் என்கிறோம். அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளச் சொல்லும்போது இல்லாமல் போகிற ஒன்று இந்தச் சொல்லில் கட்டாயம் இருக்கிறது. பிழை எங்கே இருக்கிறது என்று முதலில் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊரில் அதை ஒருமுறை உரக்கவே சொல்லியிருக்கிறார்கள். 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு நடந்தது செங்கல்பட்டில். பெண்களுக்குச் சொத்தில் ஆண்களோடு சம உரிமை வேண்டும், பெண்ணின் திருமண வயது 16க்கு மேல் இருக்க வேண்டும், ஒத்துவராத திருமணத்திலிருந்து விலகும் உரிமை வேண்டும், கைம்பெண்கள் விரும்பினால் மறுமணம் செய்யத் தடை கூடாது, ஆரம்பப் பள்ளிகளில் பெண்களையே ஆசிரியர்களாக நியமிக்க வேண்டும் என்றெல்லாம் அங்கே தீர்மானங்கள் நிறைவேறின. ஒன்றில்கூட பெண் கொஞ்சம் பொறுத்துப் போகட்டும் என்று இல்லை.

அவை சட்டமாக எவ்வளவு காலம் பிடித்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்துப் பெண்களுக்கு விவாகரத்து உரிமை நாடு முழுவதும் சட்டமானது 1955இல். தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு கிடைத்தது 1989 சட்டத்திருத்தத்தில். அப்போதும், அதற்கு முன்பே மணமாகிவிட்ட மகள்களை விட்டுவிட்டார்கள். நாடு முழுவதும் அது வந்தது 2005இல். அதே ஆண்டுதான் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டமும் நிறைவேறியது. தங்கை மனு கொடுத்தது அந்தச் சட்டத்தின் கீழ்தான். செங்கல்பட்டில் தீர்மானம் போட்டு ஏறக்குறைய தொண்ணூறு வருடம் கழித்து, அதே ஊரில், மிஷின் சத்தத்துக்கு நடுவில், நான் ஒரு பெண்ணிடம் பஸ் காசுக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். சட்டத்தைத் திருத்த முடிந்திருக்கிறது. என் வாயைத் திருத்த அவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

2021இல் தமிழக அரசு சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணத்தை அறிவித்தபோது தங்கை போன் செய்தாள். "அக்கா, இனிமே எவகிட்டயும் 'நேத்து குடுத்தது என்னாச்சு'ன்னு எவனும் கேக்க முடியாது பாரு" என்றாள். ஐந்து வருடத்துக்கு முன்னால் அவள் கேட்டதற்கு அவளே ஒரு பதில் சொல்லிவிட்டதுபோல எனக்குத் தோன்றியது. அட்ஜஸ்ட் பண்ண வேண்டியிருந்தது டிக்கெட்டை, அவளை இல்லை.

இப்போது அவள் செங்கல்பட்டிலேயே இருக்கிறாள். வேலை இருக்கிறது. ஏடிஎம் கார்டு அவள் பர்ஸில் இருக்கிறது. வழக்கு முடிந்து கையெழுத்துப் போட்டு வந்த அன்று ஜாக்கெட் கை இறுக்குகிறது என்று அம்மாவிடம் கழற்றிக் கொடுத்தாள். அம்மா பிளேடை எடுத்து ஒரு வரிசைத் தையலைப் பிரித்தார்.

எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தச் சொல்லை விடவில்லை. ஆனால் இனி அதைச் சொன்னால் 'எதை' என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். போன மாதம் ஒரு மாணவி வகுப்பு முடிந்து வந்து நின்றாள். வீட்டில் மேற்படிப்பு வேண்டாம் என்கிறார்களாம். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோன்னு எல்லாரும் சொல்றாங்க மேம்" என்றாள்.

பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னேன். "எதைன்னு கேட்டியாம்மா?" என்றேன்.