வல்லிபுரத்து மணலுக்குக் கீழே

நெல்லியடிச் சந்தியில் நின்று வல்லிபுரத்தைப் பற்றிக் கேட்டால் எவரும் ஆழ்வாரின் கதையைச் சொல்வார்கள். மீனாய்த் துள்ளிச் சக்கரமாய் மாறிய திருமால், புரட்டாதியில் மணல்வெளியைக் கடந்து சென்றாடும் கடல் தீர்த்தம் எனப் பேச்சு நீளும். அதே ஊரில் 1936ஆம் ஆண்டு கிடைத்த பொற்சாசனத்தைப் பற்றிக் கேட்டாலோ பேச்சுச் சுருங்கிவிடும். பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்திலும் அதன் பின்னரும் இதனை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

சாசனம் மிகச் சிறியது. கோயிலுக்கு அண்மையில், பழைய கட்டடமொன்றின் அத்திபாரத்தின் கீழ் அகப்பட்டது. வசப மன்னன் காலத்தில், இசிகிராய என்னும் அமைச்சர் நாகதீபத்தை ஆண்டபோது, பியகுக திஸ்ஸ என்பவர் இங்கு விகாரை அமைத்தார் என்பது செனரத் பரணவிதான தந்த பொருள். பேராசிரியர் ஆ. வேலுப்பிள்ளை பின்னர் அதனை மறுஆய்வு செய்து வேறு விளக்கம் தந்தார். வல்லிபுரத்தில் கிடைத்த புத்தர் சிலையொன்றோ, யாழ்ப்பாணம் பழைய பூங்காவில் இருந்து, 1906ஆம் ஆண்டு ஆளுநர் ஹென்றி பிளேக்கினால் சீயத்து மன்னருக்கு அன்பளிப்பாகச் சென்றுவிட்டது.

மக்கள் பேசத் தயங்குவது அறியாமையால் அன்று. "ஐயா, உதுகளை வெளியிலை சொன்னால் நாளைக்குக் காணி எங்கடை இல்லையெண்டு வந்து நிப்பாங்கள்" என்றார் ஒரு விவசாயி. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் நிலத்தடியில் உள்ள தொல்பொருளை அரசின் உடைமையாக்குகிறது. முல்லைத்தீவுக் குருந்தூர்மலைச் செய்திகளைப் படித்த ஒருவரின் அச்சத்தை வீண் பயமென்று தள்ளிவிட முடியாது.

ஆனால் மௌனமும் காக்கவில்லை. வடமராட்சி கிழக்கு மணலை உழவு இயந்திரங்கள் அள்ளிச் செல்கின்றன. மணலோடு பழைய மட்பாண்ட ஓடுகளும் போனால், எங்கோ ஒரு வீட்டின் சீமெந்துத் தரைக்குள் நம் சரித்திரம் புதைந்துவிடும். பௌத்தச் சின்னம் என்றாலே அது பிறருடையது என்று நாமே விட்டுக்கொடுப்பதும் தவறு. மணிமேகலையைப் பெற்ற மொழி நம்முடையது. தமிழரும் பௌத்தராய் வாழ்ந்திருக்கிறார்கள்.

இந்துசமுத்திரத்தின் மறுகரையில், கென்யாவின் மாலிந்திக்கு அருகே, கெடி என்ற சுவாஹிலி நகரின் இடிபாடுகள் உள்ளன. அங்கே முன்னோரின் ஆவிகள் உறைவதாக அயலூர் மக்கள் நம்பினர். அதனால் காடும் பிழைத்தது, பவளக்கல் பள்ளிவாசல்களும் பிழைத்தன. 2024ஆம் ஆண்டு கெடி யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. நம்பிக்கை காவல் நின்றது. ஆய்வு அதன்மேல் வந்தது.

வல்லிபுரத்தில் காவல் ஏற்கெனவே உண்டு. ஆழ்வாரைத் தேடி மக்கள் இன்றும் வருகிறார்கள். பொன்னம்பலம் இரகுபதி யாழ்ப்பாணத்துப் பழைய குடியிருப்புகளைக் கள ஆய்வு செய்து 1987இல் நூலாக்கினார். அந்த வழியைத் தொடர்ந்து, நெல்லியடியிலும் கரவெட்டியிலும் உள்ள பாடசாலை மாணவர்கள் எந்த ஓடு எந்த இடத்தில் கிடைத்தது என்று படத்தோடு பதிந்து வைக்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் அவர்களுக்கு வழிகாட்டலாம். ஊராரிடம் அவர்களுடைய சொந்தப் பதிவேடு இருந்தால், நாளை யார் எந்த உரிமை கோரி வந்தாலும், வெறுங்கையோடு நிற்கவேண்டி இராது.