பெயரும் நரம்பும்

ஓர் இனத்தார் எவற்றைப் போற்றினர், எவற்றை நழுவவிட்டனர் என்பதை அவர்தம் இசைக் கருவிகள் தெளிவாகச் சொல்லும். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தனாகக் கோப்புகளோடு காலங்கழிக்கும் எனக்குக் கிரேக்கரின் இசைக் கருவிகளைப் பற்றிப் படிப்பது பல்லாண்டுப் பழக்கம். கோப்பில் ஊறியவனுக்கு எதுவும் பதிவேடாகத்தான் தோன்றும் போலும். ஊர்விட்டு ஊர்வந்து வாழும் நமக்கும் அப்பதிவேட்டில் ஒரு குறிப்பு இருக்கிறது.

பண்டைக் கிரேக்கரின் இல்லங்களில் ஒலித்தது லைரா. ஆமையோட்டின் மேல் தோலைப் போர்த்தி, இரு கைகளை நாட்டி, குறுக்குக் கட்டை பொருத்தி, ஆட்டுக் குடலால் ஆன நரம்புகளைக் கட்டினர். ஏழு நரம்பு கொண்டது பெருவழக்கு. பிறந்த அன்றே ஹெர்மஸ் தேவன் இதனைச் செய்தான் என்பது அவர்தம் புராணம். மேடைக் கலைஞர் மீட்டியது மரத்தாலான கித்தாரா. நம் பிள்ளைகள் விரும்பும் கிதாருக்கு அப்பெயர் வந்த வழி இதுவே.

துளைக்கருவிகளுள் முதன்மையானது ஔலோஸ். இதனைப் புல்லாங்குழல் என்று மொழிபெயர்ப்பது பொருந்தாது. நாகசுரத்தின் சீவாளியை ஒத்த நாணல் நாக்கு பொருத்திய இரு குழல்களை ஒருசேர வாயில் வைத்து ஊதினர். கன்னம் தளராதிருக்கத் தோல்வார் கட்டிக்கொள்வதும் உண்டு. வேள்வியிலும் நாடகத்திலும் போர்க்கப்பலில் துடுப்பு வலிப்போர்க்குத் தாளம் காட்டவும் அது ஒலித்தது. எனினும் முகத்தைக் கோணச் செய்கிறதென்று அதீனா தேவி அதனை வீசியெறிந்தாள் என்றொரு கதை பிறந்தது. இளைஞர் கல்விக்கு அது வேண்டாமென்று அரிஸ்டாட்டிலும் எழுதினார்.

இன்று கிரீட் தீவுக்குச் சென்று லைரா எங்கே என்று கேட்டால் ஒரு கருவியைக் காட்டுவார்கள். அது பேரிக்காய் வடிவில் மூன்று நரம்புகளோடு, முழங்கால்மேல் நிறுத்தி வில்லால் இழைக்கப்படுவது. ஆமையோட்டு லைராவுக்கும் இதற்கும் பெயர் ஒன்றே, கருவி வேறு. நம் யாழின் கதையும் இதற்குத் தொலைவில் இல்லை. நூல்களில் வாழ்ந்த யாழைக் கணக்கிட்டு மீட்க முயன்று, விபுலானந்த அடிகள் 1947ஆம் ஆண்டு 'யாழ் நூல்' தந்தார். கருவி மறைந்த பின்னரும் பெயர் நம் பிள்ளைகளுக்கு இடப்பெறுகிறது.

பூசூக்கியின் கதை இதற்கு நேர்மாறானது. 1923ஆம் ஆண்டு லோசான் உடன்படிக்கையின்படி கிரேக்கமும் துருக்கியும் மக்களைப் பரிமாறிக்கொண்டன. அளவுகோல் மொழியன்று, மதம். முன்பே போருக்கு அஞ்சி ஓடிவந்தோரையும் சேர்த்து ஏறத்தாழ 12 லட்சம் பேர் கிரேக்கம் சேர்ந்தனர். அவருள் துருக்கி மொழி மட்டுமே அறிந்தோரும் இருந்தனர். பிரேயஸ் துறைமுகத்தின் சேரிகளில் அவர்தம் இசையும் உள்ளூர் ஏழைகளின் இசையும் கலந்து ரெபெத்திகோ வளர்ந்தது. அதன் கருவியான பூசூக்கியின் பெயரே துருக்கிச் சொல். 1936இல் வந்த சர்வாதிகார அரசு அப்பாடல்களுக்குத் தணிக்கை விதித்தது. ஆயினும் 2017இல் ரெபெத்திகோ யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம் பெற்றது. பூசூக்கி இன்று கிரேக்கத்தின் குரலாகவே மதிக்கப்படுகிறது. நாள்தோறும் கை மீட்டிக்கொண்டிருந்தமையால் அயற்பெயரும் சொந்தமாயிற்று.

இவ்விரண்டையும் நான் எடைபோட்டுப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. என் மகளின் பெயர் யாழினி. தலைநகரில் பிறந்தவள். பள்ளித் தோழியர் அவளை 'யாலினி' என்றே அழைக்கின்றனர். தமிழில் கேட்டால் இந்தியில் விடையிறுப்பாள். ஊரிலிருந்து பாட்டி தொலைபேசியில் அழைத்தால் அரைவாக்கியத்தில் நின்றுவிடுவாள். பெயர் தமிழ், நரம்பு எதுவாகப் போகிறது?

விடை தேடுகையில் எனக்கு ஆறுதல் தந்தது ஒரு கல். இன்றைய துருக்கியில், பழைய திரால்லிஸ் நகரத்தருகே 1883இல் வெளியுலகுக்குத் தெரியவந்த கல்லறைத் தூண் அது. செய்கிலோஸ் என்பான் ஒரு சிறு பாட்டைப் பொறித்து, எழுத்துகளின் மேல் இசைக்குறிகளையும் வெட்டிவைத்தான். பிற்காலத்தில் பூந்தொட்டி வைப்பதற்காக அதன் அடியை அறுத்தனர். கல்வெட்டின் கடைசி வரி சிதைந்தது, பாட்டு தப்பியது. பண்டைக் கிரேக்க இசையில் குறிகளோடு எஞ்சியவை ஏறத்தாழ அறுபது துணுக்குகளே. அவற்றுள் முழுப் பாட்டாக நிற்பது இது. கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் உள்ள அதனை இன்றும் பாட முடிகிறது.

எழுதிவைத்ததும் நாள்தோறும் மீட்டியதுமே எஞ்சின. நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் யாழினி இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். ழகரத்தில் இன்னும் தடுமாறுகிறாள். ஆயினும் சென்ற மாதம் பாட்டிக்குத் தன் கையால் நான்கு வரி எழுதினாள். அன்பர்களே, பிள்ளைகளுக்குத் தமிழ்ப்பெயர் இட்டுவிட்டோம். இனி ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் அவர்களை வகுப்புக்கு அழைத்து வாருங்கள்.