ஐந்து கட்டை மின்சாரம்

மின்சாரத்துக்கு ஸ்ருதி உண்டு என்றால் நம்புவீர்களா?

நம்ம ஊர் கரண்ட் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக ஆடுகிறது. பியானோவின் இடது கோடியில் இருக்கும் ‘ஜி’ ஸ்வரத்துக்குக் கணக்கு 49. அதாவது உங்கள் வீட்டுச் சுவருக்குள் ஓடுகிற மின்சாரம், ஒரு பெண் பாடகரின் ஐந்து கட்டைக்குச் சரியாக இரண்டு ஸ்தாயி கீழே, கொஞ்சூண்டு ஸ்ருதி தூக்கலாக, இருபத்து நாலு மணி நேரமும் பாடிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் 60. அங்கே ஆறரைக் கட்டைக்கும் ஏழுக்கும் நடுவில் எங்கேயோ தொங்குகிறது. எந்த வித்வானும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

சாதாரணமாக இந்தக் கச்சேரி நம் காதில் விழாது. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நின்றால் ‘ம்ம்ம்’ என்று கேட்கும். அது இதன் இரட்டிப்பு, 100. அதே ஸ்வரம், ஒரு ஸ்தாயி மேலே. வீட்டுக்குள்ளேயே கேட்க வேண்டுமானால் ஒரு எலெக்ட்ரிக் கிடாரை ஆம்ப்ளிஃபயரில் சொருகிப் பாருங்கள்.

என்னிடம் ஒன்று இருக்கிறது. கொரியாவில் செய்தது, கறுப்பு, நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைச்சல். பல வருஷங்களாக அது ‘ம்ம்ம்’ என்ற சத்தமே இல்லாமல் சமர்த்தாக இருந்தது. போன வருஷம் அதைத் திறந்து, சால்டரிங் அயர்ன் பிடித்து, அந்தச் சத்தம் வருகிற மாதிரி மாற்றிவிட்டேன். ‘புத்தி பேதலித்துவிட்டதா?’ என்று கேட்பீர்கள். என் மகளும் கேட்டாள். காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

முதலில் கிடார். ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்தின் ‘இளைய நிலா’வில் கேட்கிற மாதிரியான கிடாருக்கு வயிறு உண்டு, வயிற்றில் ஓட்டை உண்டு. தந்தி அதிர்ந்தால் பலகையும் உள்ளே இருக்கும் காற்றும் அதிர்ந்து சத்தம் வரும். எலெக்ட்ரிக் கிடாரில் வயிறு கிடையாது. பெரும்பாலும் வெறும் கட்டைதான். சொருகாமல் மீட்டினால் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. அதன் உயிர், தந்திகளுக்கு அடியில் சோப்புப் பெட்டி மாதிரி பதித்திருக்கும் ‘பிக்கப்’பில் இருக்கிறது.

பிக்கப் என்பது ரொம்ப எளிய சமாச்சாரம். ஒரு காந்தம். அதைச் சுற்றித் தலைமுடி மொத்தத்தில் செப்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. மேலே இரும்புத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் கலைகிறது, கம்பியில் துளி மின்சாரம் பிறக்கிறது. 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த அதே சங்கதி. மேட்டூர் அணையில் டர்பைன் சுற்றி வருவதும், என் கிடாரில் தந்தி துடித்து வருவதும் ஒரே விதிதான். அளவுதான் வேறே.

சிக்கல் எங்கே வருகிறது? கம்பிச் சுருளுக்குப் பாகுபாடு தெரியாது. தந்தி கலைத்தாலும் சரி, பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர் கலைத்தாலும் சரி, காந்தப்புலம் ஆடினால் மின்சாரம். ஆகவே ஒற்றைச் சுருள் பிக்கப் உள்ள கிடாரில் பாட்டோடு சேர்ந்து மின்சாரமும் பாடும்.

இதற்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்தவர் ஸெத் லவர். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் கலமஸூவில் கிப்ஸன் கம்பெனியில் வேலை பார்த்த எஞ்சினியர். 1955-ல் பேட்டன்ட்டுக்கு விண்ணப்பித்தார். ஒன்றுக்குப் பதில் இரண்டு சுருள், பக்கத்துப் பக்கத்தில். இரண்டாவது சுருளை எதிர்த் திசையில் இணைத்தார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றில் பிளஸ் என்றால் மற்றதில் மைனஸ். கூட்டினால் பூஜ்யம். ‘அப்படியானால் பாட்டும் பூஜ்யமாகிவிடுமே’ என்று உங்களில் கெட்டிக்காரர்கள் கேட்பீர்கள். அங்கேதான் லவர் நிற்கிறார். இரண்டாவது சுருளுக்குக் காந்தத்தின் துருவத்தையும் மாற்றிப் போட்டார். தந்தி அதிர்வது காந்தத்தின் வழியாக வருவதால் அதற்கு மட்டும் இரண்டு தரம் திசை மாறுகிறது. மைனஸ் இன்டு மைனஸ் பிளஸ். ஆறாம் வகுப்புக் கணக்குதான். இரைச்சல் செத்தது, பாட்டு இரட்டிப்பானது.

‘ஹம்’மை முட்டித் தள்ளுவதால் அதற்கு ஹம்பக்கர் என்று பெயர். 1957-லிருந்து கிப்ஸன் கிடார்களில் வந்தது. பேட்டன்ட் கைக்கு வந்தது 1959-ல். நடுவில் ‘பேட்டன்ட்டுக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ என்று அடியில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பினார்கள். அந்த ஸ்டிக்கர் உள்ள பிக்கப்புக்கு இன்றைக்குக் கொடுக்கிற விலையில் ஒரு நல்ல புது கிடாரையே வாங்கிவிடலாம். லவர், 1967-ல் போட்டிக் கம்பெனியான ஃபெண்டருக்குப் போய்விட்டார் என்பது உபரித் தகவல்.

ஆனால் எதுவும் சும்மா வராது. இரண்டு சுருளைத் தொடராக இணைக்கும்போது குரல் கனக்கிறது. மேல் ஸ்தாயியின் ‘கிளிங்’ குறைகிறது. ஒற்றைச் சுருளின் குரல் கண்ணாடி டம்ளரைக் கரண்டியால் தட்டுகிற மாதிரி என்றால், ஹம்பக்கர் அதே டம்ளரைத் துணி சுற்றித் தட்டுகிற மாதிரி. மோசம் என்று சொல்லவில்லை. ராக் இசையின் பாதி சரித்திரம் அந்தக் கனத்தில்தான் இருக்கிறது. என் மகளுக்கு அது போதும். அவள் வாசிப்பது ஹெவி மெட்டல்.

எனக்குத்தான் போதவில்லை. இரண்டு வருஷமாகக் கிடார் மந்தமாகக் கேட்டது. தந்தி பழசு என்று மாற்றிப் பார்த்தேன். ஆம்ப்ளிஃபயரில் டிரெபிள் குமிழைப் பத்துக்குத் திருகினேன். “ஏம்ப்பா, காது கிழியற மாதிரி கீச்சுன்னு வெச்சிருக்க?” என்றாள் மகள். கீச்சா? எனக்குக் கம்பளி போர்த்தின மாதிரி இருந்தது.

அதே சமயத்தில் வீட்டில் இன்னொரு பிரச்னை. “பால் வாங்கணுங்க” என்றாள் மனைவி. “எத்தனை குயர்?” என்று கேட்டேன். எனக்கு விழுந்தது ‘தாள்’.

காது டாக்டர் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, “சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க சார்” என்றார். இருபது நிமிஷம். கடைசியில் ஒரு வரைபடம் கொடுத்தார். இடது பக்கம் 250, வலது பக்கம் 8000. ஆயிரம் வரை கோடு மவுன்ட் ரோடு மாதிரி நேராகப் போகிறது. மூவாயிரத்தில் இறங்க ஆரம்பித்து, எட்டாயிரத்தில் கிணறு.

“வயசு சார். யாருக்கும் வர்றதுதான்” என்றார் டாக்டர்.

உள்காதில் நத்தைக்கூடு மாதிரி ஒரு சுருள். அதில் ஒவ்வொரு காதுக்கும் சுமார் 15,000 மயிர் செல்கள். வாசல் பக்கம் இருப்பவை உச்ச ஸ்தாயிக்கு, உள்ளே போகப் போகக் கீழ் ஸ்தாயிக்கு. முதலில் போவது வாசல் பக்கத்துக்காரர்கள். ஆகவே வயதானால் சத்தம் குறைவதில்லை, கூர்மைதான் குறைகிறது. ‘ஆ’, ‘ஓ’ போன்ற உயிரெழுத்துகளுக்குப் பலம் கீழ் ஸ்தாயியில் இருப்பதால் தப்பித்துவிடும். ‘ச’, ‘த’, ‘ப’ எல்லாம் மேலே இருக்கும் மெல்லிய சலசலப்பை வைத்துத்தான் பிரிகின்றன. “காது கேக்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியலை” என்று உங்கள் வீட்டுப் பெரியவர் சொன்னால் அது வீம்பு இல்லை. மருத்துவ உண்மை.

கிடாரின் ‘கிளிங்’ இருப்பது ஏறக்குறைய 3000-லிருந்து 5000 வரை. என் கோடு இறங்கும் அதே இடம். ஹம்பக்கர் ஒரு கம்பளி, என் காது இன்னொரு கம்பளி. ஒன்றை எடுக்க முடியாது. கிடாரில் 5,000 சுற்றுக் கம்பி அறுந்தால் புதுசாகச் சுற்றிக்கொள்ளலாம். செத்த மயிர் செல் மனிதனுக்கு மறுபடி முளைப்பதில்லை. எடுக்க முடிகிற கம்பளியையாவது எடுப்போமே?

அதற்கு வழி உண்டு. பெயர் காயில் ஸ்ப்ளிட். ஹம்பக்கரின் இரண்டு சுருள்களும் சேரும் இடத்தை, ஒரு ஸ்விட்ச் வழியாக எர்த்தோடு இணைத்துவிட்டால் ஒரு சுருள் தூங்கிவிடும். மிச்சம் இருப்பது ஒற்றைச் சுருள். வேண்டும்போது மறுபடி எழுப்பிக்கொள்ளலாம். பிக்கப்பிலிருந்து நாலு வண்ணக் கம்பிகள் வெளியே வந்தால்தான் இது சுலபம். எனக்கு வந்தது. ஆனால் வண்ணங்களுக்குப் பொது அகராதி கிடையாது. சீமோர் டங்கன் கம்பெனிக்குச் சிக்னல் கம்பி கறுப்பு, டிமார்ஸியோவுக்கு சிவப்பு. மல்டிமீட்டர் வைத்து எந்தச் சுருள் எந்தக் கம்பி என்று அளந்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஒவ்வொரு சுருளும் சுமார் நாலாயிரம் ஓம் காட்டியது.

ஸ்விட்ச்சுக்கு ரிச்சி தெருவுக்குப் போனேன். இழுத்தால் ஸ்விட்ச், திருகினால் வால்யூம் என்று இரண்டும் ஒன்றாக உள்ள குமிழ் வேண்டும், 500 கிலோ ஓம்.

“எந்த மாடல் கார் சார்?” என்றார் கடைக்காரர்.

“காரில்லை, கிடார்.”

“கிடாருக்குள்ள வால்யூம் கன்ட்ரோல் இருக்கா? நான் ஓட்டைதான் இருக்கும்னு நெனச்சேன்.”

கடையில் இல்லை. தபாலில் வரவழைத்தேன். ஈயமும் ஷ்ரிங்க் குழாயும் அவரிடமே வாங்கினேன். தனி ஸ்விட்ச் வைத்தால் மலிவு, ஆனால் பலகையில் ஓட்டை போட வேண்டும். இழுக்கும் குமிழ் என்றால் கிடார் வெளிப்பார்வைக்கு அப்படியே இருக்கும். வேண்டாம் என்றால் பழையபடி ஆக்கிவிடலாம். எதை மாற்றினாலும் திரும்பி வர ஒரு வழி வைத்துக்கொள்வது நல்லது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஐந்து இணைப்பு, ஒரு மணி நேரம். சொருகினேன். குமிழை இழுத்தேன்.

முதலில் வந்தது மின்சாரம். ‘ம்ம்ம்ம்’ என்று அழகான ஐந்து கட்டை. என் வரைபடத்தில் கீழ் ஸ்தாயி பழுதில்லை என்பதால் அது மட்டும் துல்லியமாகக் கேட்டது. அப்புறம் மேல் தந்தியை மீட்டினேன். கண்ணாடி டம்ளர். ரொம்ப நாளாகப் பார்க்காத ஒருத்தர் வாசலில் வந்து நின்ற மாதிரி இருந்தது.

கறாராகச் சொல்வதானால், ஃபெண்டரின் அசல் ஒற்றைச் சுருள் குரல் இது இல்லை. அதில் கிட்டத்தட்ட 8,000 சுற்று, பாதி ஹம்பக்கரில் 5,000 சுற்றுதான். குரல் கொஞ்சம் மெலிகிறது, சத்தமும் இறங்குகிறது. டிரெபிள் குமிழ் செய்ய முடியாததை இது செய்கிறது என்பதுதான் முக்கியம். டிரெபிள், இருப்பதைத்தான் பெருக்கும். இல்லாததை எங்கிருந்து கொண்டுவரும்?

‘ம்ம்ம்’முக்கு ஒரு கைவைத்தியமும் உண்டு. கிடாரோடு மெல்லச் சுற்றினால் ஏதோ ஒரு திசையில் அது அடங்கும். எங்கள் ஹாலில் சமையலறையைப் பார்த்து நின்றால் உத்தமம். வாஸ்து இல்லை. காந்தப்புலத்துக்குச் சுருள் வாகாக இல்லாத கோணம் அது.

அடுத்த மாதம் காதுக் கருவி வாங்கினேன். அதுவும் இதே ஜாதிதான். மேல் ஸ்தாயியை மட்டும் பெருக்கித் தருகிறது. ‘பால்’ பாலாகவே வந்துவிட்டது. கூடவே நியூஸ்பேப்பர் மடிக்கிற சத்தம், குக்கர் சீறல், மின்விசிறிக் காற்று எல்லாம் படையெடுத்து வந்தன. முதல் வாரம் கழற்றி எறியலாமா என்று இருந்தது. அதில் டெலிகாயில் என்று ஒன்று உண்டு. அரங்குகளில் ஒலியைக் காந்தப்புலமாக நேரடியாக வாங்கிக்கொள்ள, துளியூண்டு செப்புச் சுருள். அதைப் போட்டுக்கொண்டு ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் போனால் ‘ம்ம்ம்’. தலையைத் திருப்பினால் அடங்குகிறது. காதிலேயே ஒரு பிக்கப்!

தெளிவு வேண்டும் என்றால் இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சில நாளில் பழகிவிட்டது. மூளை மெல்ல மெல்ல மின்விசிறியை ஒதுக்கிவிடுகிறது, மனைவியின் குரலை ஒதுக்குவதில்லை. இந்த வரியை அவள் படிப்பாள்.

ஐம்பது தாண்டியவர்கள் கண்ணுக்குப் போகிற மாதிரி ஒரு தரம் காதுக்கும் போய்வாருங்கள். இருபது நிமிஷம்தான், வலிக்காது.

கிடார் எங்கள் வீட்டில் பொதுச் சொத்து. காலையில் நான் எடுக்கும்போது குமிழ் உள்ளே அமுங்கியிருக்கும். இழுத்துவிட்டு வாசிப்பேன். சாயங்காலம் மகள் வந்ததும் உள்ளே தள்ளுவாள், ‘டக்’ என்று.

அந்த ‘டக்’கும் இப்போது கேட்கிறது.