வாவிக்கரையில் ஒரு புரொஜெக்ஷன் ரிவி

மட்டக்களப்பில் புரொஜெக்ஷன் ரிவி என்று சொல்லப்படும் அலுமாரி அளவான பெட்டிக்குள் படம் காட்டும் ரியூப் ஒன்றல்ல, மூன்று. ஒவ்வொன்றும் பெரும்பாலும் 7 அங்குலம்தான். ஒன்று சிவப்பை மட்டும் காட்டும், ஒன்று பச்சையை மட்டும், மற்றது நீலத்தை மட்டும். மூன்றும் பெட்டியின் அடியில் வரிசையாக நிற்கும். அவற்றின் வாயில் பொருத்திய வில்லைகள் வழியே வெளிச்சம் புறப்பட்டு, பின்பக்கம் சாய்த்து வைத்த பெரிய கண்ணாடியில் பட்டுத் திரும்பி, திரையின் முதுகில் விழும். மூன்று நிறப் படங்களும் ஒன்றின்மேல் ஒன்று பிசகாமல் விழுந்தால்தான் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். ஒரு நிறம் மயிரிழை விலகினாலும் கண் உடனே கண்டுகொள்ளும். இந்தப் பெட்டிகளைப் பற்றி வரும் ‘படம் கோணுது’ என்ற முறைப்பாட்டில் பெரும்பங்குக்குக் காரணம் இந்தப் பொருத்தம் குலைவதுதான். தொழிலில் இந்தப் பொருத்தத்தின் பெயர் கன்வேர்ஜன்ஸ்.

பச்சை ரியூப் நடுவில் இருப்பதால் அதன் படம் திரையில் நேராக விழும். சிவப்பும் நீலமும் இரு பக்கத்திலிருந்து சரிந்து பாய்வதால் அவற்றின் படம் இயல்பாகவே ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் ஒடுங்கியும் இருக்கும். இந்தக் கோணலை வெல்ல ஒவ்வொரு ரியூபின் கழுத்திலும் கூடுதலாக ஒரு சுருள் மாட்டப்பட்டிருக்கிறது. அதில் ஓடும் மின்னோட்டம் எலக்ட்ரோன் கற்றையை இடத்துக்கு இடம் வேறு அளவில் தள்ளி, கோணலை எதிர்க்கோணலால் நேராக்குகிறது. அதாவது கோணல் இந்தப் பெட்டியின் பிறவிக் குணம். அதை ஒவ்வொரு கணமும் திருத்திக்கொண்டே இருக்கும் ஒரு சுற்று உள்ளே வேலை செய்கிறது. அந்தச் சுற்றுக் களைத்தால் பிறவிக் குணம் வெளியே வந்துவிடும்.

இத்தகைய பெட்டிகளைப் புதிதாகச் செய்வது நின்று வருடங்கள் ஆகிவிட்டன. சோனி நிறுவனம் 2007 டிசம்பரில் புரொஜெக்ஷன் ரிவி செய்வதிலிருந்தே விலகுவதாக அறிவித்தது. ரியூப் இல்லாத புரொஜெக்ஷன் ரிவிகளோடு கடைசிவரை நின்ற மிட்சுபிஷியும் 2012 டிசம்பரில் கைவிட்டது. எனவே இன்று திருத்தத்துக்கு வருபவை எல்லாமே வயதானவை. அவற்றைத் திருத்தத் தெரிந்தவர்களும் பழைய ரியூப் ரிவியில் கைபழகியவர்கள். 1979இல் ஐரிஎன், 1982இல் ரூபவாஹினி என்று இலங்கையில் ஒளிபரப்புத் தொடங்கிய பிறகு வளர்ந்த தொழில் இது.

கல்லடி, ஒரு பக்கம் வாவியும் மறுபக்கம் கடலுமாக இருக்கும் ஒடுங்கிய நிலம். அங்கே ஒழுங்கை ஒன்றுக்குள் தகரக் கூரை போட்ட சிறிய திருத்துமிடம் ஒன்று. சுவரோரம் கழுத்து உடையாத ரியூப்கள் அடுக்கியிருக்கின்றன. மேசையில் ஒரு மல்டிமீற்றர், ஈயம் வைக்கும் அயன், கடிகாரக்காரர் கண்ணில் வைக்கும் வில்லை போன்ற ஒரு பூதக்கண்ணாடி. அன்று திருத்தத்துக்கு நின்றது வளைகுடா நாடொன்றிலிருந்து கொண்டுவரப்பட்டு, பின்னர் ஒரு சாப்பாட்டுக் கடைச் சுவரோரம் நின்ற 43 அங்குலப் பெட்டி. கிரிக்கெட் ஆட்டம் ஓடும்போது திரையின் அடியில் வரும் ஓட்ட எண்ணிக்கையை வாசிக்க முடியவில்லை என்பதே கடைக்காரர் சொன்ன குறை. போட்டுப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. ஒவ்வொரு வெள்ளை இலக்கத்துக்கும் இடப்புறம் ஒரு சிவப்பு நிழல், மேலே ஒரு நீல நிழல். அடிவரி நேர்க்கோடாக இல்லாமல் சிவப்பில் மட்டும் வில்லாக வளைந்து கிடந்தது.

முதலில் படத்தைப் பார்க்க வேண்டும், மறுகாதான் பின்பலகையைக் கழற்ற வேண்டும். மூத்தவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் இது. கழற்றாமலே அரைவாசி நோயைக் கண்டுபிடித்துவிடலாம். மூன்று நிறமும் சேர்ந்தே வளைந்தால் குற்றம் பொதுவான இடத்தில், அதாவது மூன்று ரியூப்களுக்கும் கற்றையை இழுத்து விரிக்கும் சுற்றில் இருக்கிறது. படத்தின் இரு பக்கமும் இடுப்புப்போல உள்வாங்கினால் பக்கவாட்டுத் திருத்தப் பகுதியில் ஒரு மின்தேக்கியோ டயோட்டோ போயிருக்கும். மேற்பகுதி மடிந்து வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் செங்குத்து வெளியீட்டு ஐசியையும் அதைச் சுற்றியுள்ள காய்ந்த மின்தேக்கிகளையும் பார்க்க வேண்டும். ஒரு நிறம் மட்டும் வளைந்து மற்றவை நேராக நின்றால் சந்தேகமே வேண்டாம், அது கன்வேர்ஜன்ஸ் பகுதி. ஒரு நிறம் வளையாமல் மங்கிப் பரவி நின்றால் அது வேறு கதை. அதை ரியூபைக் குளிர்விக்கும் திரவத்திலோ உயர் மின்னழுத்தம் பிரியும் ஃபோகஸ் கட்டையிலோ தேட வேண்டும்.

சாதாரண ரியூப் ரிவியில் மூலையில் ஊதாவும் பச்சையுமாகத் திட்டுப் படிவதைப் பலர் கண்டிருப்பார்கள். பக்கத்தில் வைத்த ஒலிபெருக்கியின் காந்தம் உள்ளிருக்கும் துளைத்தகட்டைக் காந்தமாக்குவதால் வருவது அது. புரொஜெக்ஷன் ரிவியில் அந்தத் தகடே இல்லை, ஒரு ரியூபுக்கு ஒரு நிறம்தான். எனவே இங்கே காந்தம் நிறத்தைக் கெடுக்காது, படத்தை நகர்த்தும். பூமியின் காந்தப்புலமே அதற்குப் போதும். வடக்குப் பார்த்து நின்ற பெட்டியைக் கிழக்குப் பார்க்கத் திருப்பினால் நிறங்கள் சிறிது விலகுவது பழுதல்ல.

பழுதே இல்லாமல் கோணும் பெட்டிகளும் உண்டு. கனடாவிலோ அமெரிக்காவிலோ இருக்கும் உறவுகள் அனுப்பியவை அங்குள்ள 525 வரி, 60 ஹேர்ட்ஸ் முறைக்குச் செய்யப்பட்டவை. இலங்கை ஒளிபரப்பு 625 வரியும் 50 ஹேர்ட்ஸும் கொண்ட பால் முறை. உள்ளூர் அலைவரிசையைப் பிடித்தால் அந்தப் பெட்டியில் படம் உருளும், நிறம் வராது. அதோடு அவை 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. 230 வோல்ட்டில் நேரே செருகினால் படம் கோணுவதற்கு முன்பே புகை வந்துவிடும். வளைகுடாச் சந்தைக்குச் செய்தவை பெரும்பாலும் பல முறைகளையும் ஏற்பவை என்பதால் இங்கே அவற்றால் இந்தத் தொல்லை இல்லை.

கல்லடிப் பெட்டியில் வளைந்தது சிவப்பு, மேலே நகர்ந்தது நீலம். கன்வேர்ஜன்ஸுக்கு மொத்தம் ஆறு வழிகள் வேண்டும். மூன்று நிறங்களுக்கும் கிடையாக ஒன்று, நெடுக்காக ஒன்று. பெரும்பாலான பெட்டிகளில் இந்த ஆறையும் இரண்டு தடித்த ஐசிகள் பகிர்ந்துகொள்ளும். சன்யோ செய்த எஸ்ரிகே 392 வரிசை இவற்றில் நன்கு அறியப்பட்டது. ஆளுக்கு மூன்று வழி. இரண்டும் ஒரே அலுமினியத் தகட்டில் திருகப்பட்டு, ரிவி போட்டிருக்கும் நேரமெல்லாம் கொதித்துக்கொண்டே இருக்கும். போட்டால் சூடு, நிறுத்தினால் குளிர் என்று வருடக்கணக்கில் விரிந்து சுருங்கியதில் ஐசியின் கால்களைப் பிடித்திருக்கும் ஈயம் வெடிக்கும். பூதக்கண்ணாடிக்குக் கீழே பார்த்தால் காலைச் சுற்றி மயிர் போல ஒரு கறுத்த வளையம் தெரியும். வெறும் கண்ணுக்கு அந்த ஈயம் பளபளவென்று நல்லதாகவே இருக்கும்.

வாவிப்பக்கத்தில் இந்த வெடிப்புக்கு ஒரு கூட்டாளியும் உண்டு. மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமான உவர்நீர்ப் பரப்பு. எழுவான்கரைக் குடியிருப்புகளில் பல அதற்கும் கடலுக்கும் இடையில்தான் இருக்கின்றன. உப்புக்காற்றின் ஈரம் பெட்டிக்குள் படிந்து, செப்புத் தடங்களில் பச்சைப் பூப் பூக்க வைக்கும். இணைப்பான்களின் ஊசிகள் கறுக்கும். மாரிகாலத்தில் நாட்கணக்கில் போடாமல் வைத்த பெட்டியை முதல்முறை போடும்போது, உயர் மின்னழுத்தம் பிரியும் ஃபோகஸ் கட்டையில் ஈரம் ஏறிப் படம் மங்கலாக எழும்பி, அரைமணி நேரத்தில் தானாகத் தெளியும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தூசி. சூட்டைத் தேடிப் பல்லி வந்து முட்டையிடும், கரப்பானும் வரும். பல்லியின் எச்சம் விழுந்த தடம் அரித்துப்போவதும் உண்டு. இவை எதுவும் சேவைக் கையேட்டில் இராது. திருத்துபவரின் அனுபவம்தான் கையேடு.

பின்பலகையைக் கழற்றியதும் செய்ய வேண்டிய முதல் வேலை காத்திருப்பதுதான். ரியூப்களுக்குப் போகும் அழுத்தம் சுமார் 30,000 வோல்ட். செருகியைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளே தேங்கி நிற்கும். அன்று கல்லடியில் பெட்டியை முறைப்படி வெறுமையாக்கி, கொஞ்ச நேரம் விட்ட பிறகே சுற்றுப்பலகையில் கை வைக்கப்பட்டது. அடுத்துப் பார்த்தது ஐசியை அல்ல, அதற்கு வரும் மின்வழங்கலை. கன்வேர்ஜன்ஸ் ஐசிக்கு நேர், எதிர் என்று இரண்டு அழுத்தங்கள் வேண்டும். ஒன்று வராவிட்டால் நல்ல ஐசியும் கெட்டதுபோலவே நடிக்கும். இரண்டும் வந்தன. பிறகு ஐசியின் வெளியீட்டுக் கால்களோடு இணைந்த சில ஓம்கள் மட்டுமே பெறுமதியுள்ள மின்தடைகள் ஒவ்வொன்றாக அளக்கப்பட்டன. சிவப்பின் வழியில் இருந்த ஒன்று திறந்துபோயிருந்தது. மேலே ஒரு கருகல்கூட இல்லை.

அனுபவமில்லாத கை தோற்கும் இடம் இதுதான். ஐசி உள்ளே குறுக்கிட்டுச் செத்தால் அந்த மின்தடையையும் கூடவே கொண்டுபோகும். மின்தடையைப் பார்க்காமல் ஐசியை மட்டும் மாற்றினால் படம் கோணியே இருக்கும், சில வேளை புதிய ஐசியும் போய்விடும். ஐசியை மாற்றி, வெப்பப் பசையைப் பூசாமல் திருகினாலும் அதே கதிதான். கல்லடிப் பெட்டியில் பழைய பசை சுண்ணாம்புத் துகளாகக் காய்ந்திருந்தது. அதைச் சுரண்டி, தகட்டைத் துடைத்து, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதுபோல மெல்லிய படலமாகப் புதிய பசை தடவிய பிறகுதான் ஐசி அமர்ந்தது. தடித்துப் பூசினால் சூடு கடக்காது. இரண்டு ஐசிகளில் ஒன்று மட்டுமே போயிருந்தாலும் இரண்டையும் மாற்றுவது நல்லது. இரண்டுக்கும் ஒரே வயது, பட்ட சூடும் ஒன்றுதான். போலி ஐசிகள் சந்தையில் நிறைய இருப்பதால், பழைய பலகையிலிருந்து கழற்றிச் சோதித்து வைத்த அசல் ஒன்று பல தடவை புதியதை விட நம்பகமானது. செத்த பெட்டிகளுக்கு இருக்கும் மதிப்பு அதுதான்.

திருத்தம் முடிந்த பிறகுதான் சீரமைப்பு. இந்த வரிசையை மாற்றவே கூடாது. கோணலைக் கண்டதும் ரிமோட்டை எடுத்துச் சேவைப் பட்டியலுக்குள் புகுந்து புள்ளி புள்ளியாக இழுத்துச் சரிசெய்யப் பார்ப்பது, காய்ச்சல்காரனுக்கு வெப்பமானியைக் குலுக்குவதற்குச் சமம். பழுதான ஐசியோடு செய்த சீரமைப்பு, ஐசி நல்லதானதும் புதிய கோணலாக நிற்கும். கல்லடிப் பெட்டியிலும் முன்பு யாரோ அப்படி இழுத்திருந்தார்கள். ஐசி மாற்றிப் போட்டபோது சிவப்பு இப்போது எதிர்ப்பக்கம் வளைந்து நின்றது.

சீரமைக்கும் முன் பெட்டி குறைந்தது இருபது, முப்பது நிமிடம் ஓடிச் சூடேற வேண்டும். குளிர்ந்த பெட்டியில் பொருத்திய நிறங்கள் சூடேறியதும் நகரும். பிறகு திரையில் கட்டக்கோடுகள் வரவழைக்கப்படும். முதலில் பச்சை மட்டும். சிவப்பையும் நீலத்தையும் மறைத்துவிட்டு, பச்சைக் கோடுகள் நேராகவும் கட்டங்கள் சமமாகவும் நிற்கும்வரை அதை ஒழுங்குபடுத்த வேண்டும். பச்சைதான் தூக்குக்குண்டு, மற்ற இரண்டும் அதைப் பார்த்து நிற்கும். அடுத்துச் சிவப்பைக் கூட்டி நடுவில் பொருத்தி, நடுவிலிருந்து மூலைகளுக்குப் போக வேண்டும். சிவப்பும் பச்சையும் பொருந்திய கோடு மஞ்சளாகும். கடைசியில் நீலம் சேர மஞ்சள் வெள்ளையாகும். கல்லடியில் மூலைகளுக்கு மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. ஒவ்வொரு புள்ளியை நகர்த்தும்போதும் அயல் புள்ளி சிறிது இழுபடும். பொறுமைதான் கருவி. ஹிட்டாச்சியின் ‘மஜிக் ஃபோகஸ்’, சோனியின் ‘ஃபிளாஷ் ஃபோகஸ்’ போன்ற தானியங்கி வசதிகள் திரையோரத்து உணரிகளைக் கொண்டு இதைத் தாமாகச் செய்யும். ஆனால் ஐசி செத்தால் அவற்றாலும் ஆவது ஒன்றுமில்லை.

வளைவு போன பிறகும் படம் தெளியாவிட்டால் ரியூபுக்கும் வில்லைக்கும் இடையிலுள்ள திரவத்தைப் பார்க்க வேண்டும். ரியூபின் முகத்தைக் குளிர்விக்க அங்கே கிளைக்கோல் கலந்த திரவம் நிரம்பியிருக்கிறது. வருடங்கள் போக அது கலங்கும், சில வேளை பூஞ்சையும் பிடிக்கும். வெள்ளை எழுத்தைச் சுற்றிப் பனிமூட்டம்போல ஒளிவட்டம் தெரியும். மூடியின் ரப்பர் வளையம் இற்றுக் கசிந்தால் கீழேயுள்ள பலகையை அரித்துவிடும். உள்ளே இருக்கும் கண்ணாடியையும் வீட்டுக் கண்ணாடிபோல அழுத்தித் துடைக்கக் கூடாது. அதன் ஒளிதெறிக்கும் பூச்சு முன்பக்கத்திலேயே இருக்கிறது. மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டினாலே போதும்.

தட்டையான எல்இடி ரிவி வந்த பிறகு திருத்தம் என்பது பெரும்பாலும் பலகையை மாற்றுவதாகிவிட்டது. ஒரு நிறத்தின் ஒரு மூலை வளைந்ததைப் பார்த்து எந்தக் கால், எந்த மின்தடை என்று சொல்லும் அறிவு இந்தப் பழைய மேசைகளில்தான் மிஞ்சியிருக்கிறது. கூலியை வைத்து அளந்தால் அது மிகக் குறைவாகவே மதிக்கப்படுகிறது. ஒரு நாள் முழுக்க ஒரு பெட்டியோடு இருந்தவருக்கு, சாமான் விலைக்கு மேல் அதிகம் மிஞ்சாது. இந்த அறிவைத் தேடி இளையவர்கள் வந்து அமர வேண்டும். பெட்டி போனாலும் பார்வை வேறு வேலைக்கு உதவும்.

கல்லடிப் பெட்டி மாலையில் கடைக்குத் திரும்பியது. நின்ற திசை மாறியதால் சிவப்பு நூலளவு விலகியது. ரிமோட்டில் இரண்டு அழுத்தில் சரியானது. அடிவரியின் இலக்கங்கள் வெள்ளையாகத் தெரிந்தன.

இனித் திருத்த முடியாது என்று முடிவான பெட்டி வீட்டிலிருந்தால் ஒரு வேண்டுகோள். ரியூப் கண்ணாடியில் ஈயம் உண்டு. குளிர்விப்புத் திரவத்தில் உள்ள எதிலீன் கிளைக்கோல் இனிப்பாக இருக்கும், ஆனால் நஞ்சு. பெட்டியை வாவிக்கரையில் போடாதீர்கள், திரவத்தை வடிகாலில் ஊற்றாதீர்கள். முதலில் பழைய ரிவி திருத்துபவர் ஒருவரிடம் காட்டுங்கள். அவர் எடுக்கக்கூடிய சாமானை எடுத்த பிறகு, மிச்சத்தை மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற மின்கழிவு சேகரிப்பவரிடம் ஒப்படையுங்கள்.