எங்களுக்கு முன்பே பாரிசுக்கு வந்த கறி

பாரிஸ் மெற்றோவின் நான்காம் தடம் நகரத்தை வடக்குத் தெற்காக வெட்டிக்கொண்டு போகிறது. எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலுக்குப் பக்கத்தில், கார் து நோர் நிலையத்தில் ஏறினால் எங்கும் மாறாமல் வவன் நிலையத்தில் இறங்கலாம். தொண்ணூறுகளில் அந்தத் தடத்தின் கடைசி ரயில்களில் தமிழ் கேட்கும். மொன்பர்னாஸ் பக்கத்து உணவகங்களில் கோப்பை கழுவிவிட்டு வீடு திரும்புகிற எங்கடை ஆட்கள். எவ்வளவு சோப்புப் போட்டாலும் கையை விட்டுப் போகாத ஜவெல் என்கிற வெளுப்பு நீரின் மணம். யாராவது ஒருவர் கதவுப் பக்கம் சாய்ந்து நின்றபடியே நித்திரை கொள்ளுவார்.

வவனில் படியேறி வெளியே வந்தால் மொன்பர்னாஸ் பெருவீதி. ஒரு பக்கம் லா ரோத்தொந்தும் லெ செலெக்ட்டும். மறுபக்கம் லெ டோமும் லா கூப்போலும். ஓவியர்களையும் எழுத்தாளர்களையும் பற்றிய புத்தகங்களில் வருகிற உணவகப் பெயர்கள் எல்லாம் இந்த ஒரு முடக்கில் நிற்கின்றன. எனக்கு இவற்றில் லா கூப்போல்தான் பிடித்தது. அதற்குக் காரணம் இலக்கியம் அல்ல, ஆட்டிறைச்சிக் கறி.

அந்த இடத்தில் முன்பு விறகும் கரியும் விற்கிற கொட்டில் இருந்தது. ஓவேர்ஞ் பகுதியிலிருந்து வந்த எர்னெஸ்ட் ஃப்ரோ, ரெனே லஃபோன் என்ற இருவர் அதை எடுத்து, 1927 டிசம்பர் 20 அன்று ஒரு மாபெரும் பிராஸரியாகத் திறந்தார்கள். ஓவேர்ஞ் என்பது பிரான்சின் நடுவில் உள்ள மலைநாடு. அங்கிருந்து பாரிசுக்குப் பிழைக்க வந்தவர்கள் முதலில் தண்ணீர் சுமந்தார்கள், பிறகு கரி சுமந்தார்கள், பிறகு கரிக்கடை மூலையில் வைன் ஊற்றிக் கொடுத்தார்கள். கடைசியில் நகரத்தின் ஏராளமான கபேக்கள் அவர்கள் கையில். பிராஸரிகளின் கதையும் அதேதான். அவை பியர் வடித்து விற்ற வீடுகள். 1870–71 போரில் அல்சாஸ் ஜெர்மனியிடம் போனபோது அந்த மண்ணை விட்டு வந்தவர்கள் பாரிசில் பியரையும் புளித்த கோவாவும் பன்றி இறைச்சியும் சேர்ந்த சூக்ரூத்தையும் பரப்பினார்கள். பாரிஸ்காரர் தங்கள் சொத்து என்று பெருமை பேசுகிற இந்த மண்டபங்களைக் கட்டியவர்களில் பலர் வந்தேறிகள். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் முதல் முறை அந்தக் கதவைத் தள்ளும்போது கொஞ்சம் நிமிர்ந்து போயிருப்பேன்.

என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் என் பெரியம்மாவின் மகன். அண்ணை என்றே சொல்கிறேன். அதே வீதியில் கொஞ்சம் தள்ளி இன்னொரு பிராஸரியின் நிலவறைக் குசினியில் அவருக்குக் கோப்பை கழுவுகிற வேலை. அங்கே அவரை எல்லாரும் ‘ராஜா’ என்று கூப்பிடுவார்கள். அவருக்கு முன்பு அதே தொட்டியில் நின்ற தமிழரின் பெயர் அது. ஆள் மாறினாலும் பெயர் மாறவில்லை, அண்ணையும் திருத்தவில்லை. 1929இல் ஆங்கில எழுத்தாளர் ஜோர்ஜ் ஓர்வெல் பாரிசில் இதே வேலையைச் செய்தார், 1933இல் அதைப் புத்தகமாக எழுதினார். வாசித்துவிட்டு அண்ணைக்குக் கதை சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, “அப்ப மெஷின் இல்லை, பாவம்” என்றார்.

அண்ணைக்கு பிரெஞ்சு அரைகுறை. ஆனால் பிராஸரியின் சாப்பாட்டுப் பட்டியல் முழுவதும் தலைகீழாகத் தெரியும், மிச்சத்தை வைத்து. எந்தத் தட்டு துடைத்தது போல் வருகிறது, எதில் பாதி கிடக்கிறது, எந்தச் சாமான் தொட்டியில் ஊறவைத்தாலும் விடாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மீனுக்கு வேறு கத்தி, இறைச்சிக்கு வேறு கத்தி, நத்தைக்கு இடுக்கி என்று எல்லாவற்றையும் கழுவிப் பழகிய கை. எதையும் பிடித்துச் சாப்பிட்டதில்லை.

அவருக்குப் பத்து வருட வதிவிட அட்டை கிடைத்தது. 1984ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த அட்டை அது. அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களுக்கு அது கையில் வந்த நாள்தான் பாரிசில் உண்மையாக வந்திறங்கிய நாள். வேறு யாராவது என்றால் லா சப்பலில் கொத்துரொட்டியும் ஒரு போத்தலும் வாங்கி அறையில் கொண்டாடியிருப்பார்கள். அண்ணை, “ஒருக்கா மேலை இருந்து சாப்பிட்டுப் பாப்பம்” என்றார். தான் வேலை செய்கிற இடத்தில் வேண்டாம், கூப்போலில். கலியாணத்துக்கு வாங்கி வைத்த கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

உள்ளே போனதும் முதலில் இரைச்சல்தான் வந்து மோதியது. நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே கூரைக்குக் கீழே பேசிக்கொண்டும் தட்டில் கத்தி உரசிக்கொண்டும் இருக்கிற இரைச்சல். வீடுகளிலும் மெற்றோவிலும் குரலை அடக்கிப் பேசுகிற இந்தச் சனம் இங்கே மட்டும் திருவிழாவுக்கு வந்ததுபோல் இருந்தது. பெரிய பெரிய தூண்கள். ஒவ்வொன்றின் மேற்பகுதியிலும் ஓர் ஓவியம், அந்தக் காலத்து மொன்பர்னாஸ் ஓவியர்கள் வரைந்தவை. முதுகுக்கு முதுகாக நீள இருக்கைகள். இங்கேதான் 1928இல் கவிஞர் அரகோன் எழுத்தாளர் எல்ஸா திரியொலேயைச் சந்தித்தார், வயதான தத்துவஞானி சார்த்ர் மதியச் சாப்பாட்டுக்கு வருவார், தாராளமாகக் காசு வைத்துப் போவார். அண்ணைக்கு இதில் கடைசிச் செய்தி மட்டும் பிடித்தது.

கறுப்பு அரைக்கோட்டும் கணுக்கால்வரை வெள்ளை ஏப்ரனும் போட்ட சேர்வர் ஒருவர் எங்களை ‘மெஸ்ஸியூ’ என்று அழைத்து மேசைக்குக் கொண்டுபோனார். நல்ல பிராஸரி சேர்வர் சிரிக்க மாட்டார், முகம் சுளிக்கவும் மாட்டார். கோட்டுக்காரனுக்கும் கோப்பை கழுவுகிறவனுக்கும் ஒரே அளவு அவசரம், ஒரே அளவு மரியாதை. விலையுயர்ந்த உணவகங்களில் இது கிடைக்காது. அங்கே உங்கள் சப்பாத்தைப் பார்த்துத்தான் கதிரை இழுப்பார்கள். பாணும் குடுவைத் தண்ணீரும் கேளாமலே வந்தன. அவை சாப்பாட்டு விலைக்குள் அடக்கம் என்பது 1967இலிருந்து அரசாணை. பரிமாறும் கூலியும் விலைக்குள்தான். அண்ணை பாணை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

பட்டியல் வந்தது. நான் பெயர்களை வாசிக்க வாசிக்க அண்ணை தீர்ப்புச் சொல்லிக்கொண்டு வந்தார்.

“வெங்காய சூப் வேண்டாம். அந்தக் கிண்ணத்தின்ரை வாயிலை சீஸ் பிடிச்சா நகத்தாலைதான் சுரண்ட வேணும்.”

“அண்ணை, நாங்கள் இண்டைக்குக் கழுவ வரேல்லை.”

“ஆரோ ஒருத்தன் கழுவத்தானே வேணும்.”

கிரெம் புருலேயும் அதே காரணத்தால் தள்ளுபடி, கருகின சீனி. “மிச்சம் வாறதை எடுக்கக் கூடாது தம்பி. வழிச்சுத் துடைச்சு வருமெல்லோ, அதைத்தான் எடுக்க வேணும்” என்றார். இவ்வளவு நேர்மையான உணவு விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் வாசித்ததில்லை.

பக்கத்து மேசைக்குக் கடலுணவுத் தட்டு போனது. வாசலில் குளிருக்குள் நின்று சிப்பி உடைக்கிறவரின் கைவேலை. நொறுக்கின ஐஸ், கடற்பாசி, அதன் மேல் சிப்பி, இறால், நண்டு. சின்ன வெங்காயம் அரிந்து போட்ட வினாகிரி, எலுமிச்சை, கறுப்புப் பாண், வெண்ணெய். சிப்பிக்கு இலக்கம் உண்டு. இலக்கம் சின்னதானால் சிப்பி பெரிசு. நண்டின் காலை உடைத்து உறிஞ்சி வளர்ந்த எங்களுக்கு நண்டு சரி, ஆனால் உயிரோடு வழுக்குகிற சிப்பி தொண்டையில் இறங்காது என்று அப்போது முடிவு செய்தோம். மற்றப் பக்கத்தில் ஒரு கிழவர் பச்சை மாட்டிறைச்சியை முட்டைக் கருவோடு பிசைந்து ஆறுதலாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணை கதிரையை என் பக்கம் கொஞ்சம் நகர்த்தினார்.

அப்போதுதான் பட்டியலில் அதைக் கண்டேன். இந்திய முறை ஆட்டிறைச்சிக் கறி. 1927இலிருந்து இந்த வீட்டின் பெயர்பெற்ற சாப்பாடு என்றும் போட்டிருந்தது. எண்பதுகளில் விசா இல்லாமல், மொழி இல்லாமல், நாங்கள்தான் கறியை இந்த நகரத்துக்குக் கொண்டுவந்தோம் என்ற எண்ணம் எங்கள் எல்லாருக்கும் உண்டு. கறியோ எங்களுக்கு ஐந்து தசாப்தங்களுக்கு மேல் முந்தி வந்து, ஓவியர்கள் நடுவே மேசைபோட்டு உட்கார்ந்திருக்கிறது.

வெள்ளைச் சோறு தனியாக, கறி தனியாக, சட்னி வகைகள் பக்கத்தில். மஞ்சள் நிறக் குழம்பு, பழ இனிப்பு, உறைப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. இறைச்சி மட்டும் மெத்தென்று நன்றாக வெந்திருந்தது. யாழ்ப்பாணத்துத் தூளுக்கும் இதற்கும் சொந்தபந்தம் கிடையாது. அண்ணை முதல் வாய் வைத்துவிட்டு, “அம்மா இதைச் சாப்பிட்டா சிரிப்பா” என்றார். பிறகு முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டுப் பாண் துண்டால் குழம்பை வழித்துத் துடைத்தார். அந்தத் தட்டைக் கழுவியவருக்கு அன்று வேலை குறைவு.

நான் பிறகும் போயிருக்கிறேன், ஊரிலிருந்து வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு. பிராங் போய் 2002இல் யூரோ வந்தது, விலை ஏறியது. 2008 ஜனவரியில் புகைத்தடை வந்த பிறகு தூண்களின் ஓவியங்கள் தெளிவாகத் தெரிந்தன. அந்த மங்கலும் கூடத்தின் ஒரு பகுதி என்று இருந்தவர்களுக்கு அது நட்டம். வீட்டின் உடைமை குழுமங்களின் கைக்கு முன்பே போயிருந்தது. 1988இல் ஃபுளோ குழுமம் வாங்கியது, பழைய கூடத்தைக் காப்பாற்றி அதன் தலையில் மாடிகளை ஏற்றினார்கள். 2017இல் ஃபுளோவே பெர்த்ரான் குழுமத்துக்குப் போனது. ஒரே கை பல பிராஸரிகளை நடத்தும்போது ருசியும் ஒன்றுபோல் ஆகிவிடுகிறது என்று பழைய வாடிக்கையாளர் குறைப்படுவார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் மதியம் தப்பிய பசியோடு பிற்பகல் நான்கு மணிக்குப் போனாலும் குசினி மூடியிருக்கிறது என்று சொல்லாத இடங்கள் இந்த நகரத்தில் பிராஸரிகள்தான். அதற்காகவே பல குறைகளை மன்னிக்கலாம்.

அண்ணை கழுவுகிற தொட்டியை விட்டு வெகுகாலம். மரக்கறி வெட்டுகிறவராகி, பிறகு சமையற்காரராகி, இப்போது ஓய்வு. எங்கள் தலைமுறை நின்ற தொட்டிகளில் இப்போது மாலியரும் வங்காளிகளும் நிற்கிறார்கள். சிப்பி இப்போது எங்கள் இருவருக்கும் இறங்குகிறது.

பாரிஸ் வருகிறவர்கள் ஈபெல் கோபுரத்தைப் பார்த்து முடிந்த ஒரு மாலையில் நான்காம் தடத்தில் ஏறி வவனில் இறங்குங்கள். தூண்கள் தெரிகிற மாதிரி நடுக்கூடத்தில் மேசை கேளுங்கள். கறி இருந்தால் கறியே எடுங்கள். உறைப்புப் போதாது என்று சேர்வரிடம் முறையிட வேண்டாம்; அது 1927இலிருந்தே அப்படித்தான்.