சராசரியும் சால்பும்

கிரிக்கெட்டு ஆட்டத்தில் ஒருவர் எடுத்த ஓட்டங்களை, அவர் ஆட்டமிழந்த தடவைகளால் வகுத்துச் சராசரி காண்பர் என்பதை மாணவர் அறிவர். அமெரிக்க நாட்டில் பெருவழக்காயுள்ள பேஸ்பால் ஆட்டத்திலும், அதன் கிளையாகிய சாஃப்ட்பால் ஆட்டத்திலும் கணக்கு வேறு வகையினது. எதிரணியினரின் பிழையாலன்றித் தன் அடியின் திறத்தால் ஒருவர் தளத்தை அடைவாராயின், அது வெற்றியடி எனப்படும். வெற்றியடிகளின் தொகையை, அடிக்க முயன்ற தடவைகளின் தொகையால் வகுக்க வருவதே அடிச்சராசரி. எறிபவர் நான்கு பந்துகளைப் பிழைபட எறிந்தமையால் முதல் தளத்தை அடியாமலே பெற்ற தடவைகள் இக்கணக்கிற் சேரா.

இச்சராசரியை மூன்று தசம தானங்கள் வரை எழுதுவர். பத்துத் தடவைகளில் மூன்றில் வென்றவர் 0.300 உடையவர். ஏழில் தோற்றாராயினும் அவர் தேர்ந்த ஆட்டக்காரராகவே மதிக்கப்பெறுவார். பருவம் முழுதும் ஆடி 0.400 எய்துவதோ அரிதினும் அரிது.

1941-ஆம் ஆண்டில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியில் டெட் வில்லியம்ஸ் என்னும் இளைஞர் ஆடிவந்தார். அப்போது அவருக்கு வயது 23. பருவத்தின் இறுதி நாளாகிய செப்டம்பர் 28 அன்று, ஃபிலடெல்ஃபியா நகரில் இரண்டு ஆட்டங்கள் நிகழவிருந்தன. அதுவரை அவர் 448 தடவைகளில் 179 வெற்றியடிகள் பெற்றிருந்தார். வகுத்தால் 0.39955 வரும். நான்காம் தானத்து எண் ஐந்தாதலின், மூன்றாம் தானத்தில் ஒன்று கூட்டி 0.400 என்றே எழுதுவர். ஆகவே, அன்று அவர் ஆடாதிருப்பின் அப்பெருமை அவருக்கு உறுதி. அணியின் மேலாளர் ஜோ குரோனினும், விரும்பினால் ஓய்ந்திருக்கலாம் என்றார். ஆடினாலோ இடர் பெரிது. எட்டுத் தடவைகளில் மூன்றே வென்றால் சராசரி 0.399 ஆகச் சரிந்துவிடும்.

வில்லியம்ஸ் ஓய்வை விரும்பவில்லை. மட்டையுடன் களம் புகுந்தார். முதல் ஆட்டத்தில் ஐந்து தடவைகளில் நான்கு வெற்றியடிகள் பெற்றார். சராசரி 0.404 ஆக உயர்ந்தது. அப்போதேனும் விலகியிருக்கலாம்; விலகினாரல்லர். இரண்டாம் ஆட்டத்தில் மூன்றில் இரண்டு வென்றார். பருவ முடிவில் 456 தடவைகளில் 185 வெற்றியடிகள், சராசரி 0.406. அதன்பின் அமெரிக்க லீக், தேசிய லீக் ஆகிய இரண்டிலும் எவரும் 0.400 எய்திலர்.

எனினும், அடிச்சராசரி ஆட்டக்காரரின் திறம் முழுவதையும் காட்டாது. அவ்வாண்டில் வில்லியம்ஸ், தீய பந்துகளைத் தொடாது விட்டு 147 தடவை முதல் தளம் பெற்றார். மூன்று தடவை பந்து மேனியிற் பட்டமையால் பெற்றார். இவற்றையும் இருபுறமும் கூட்டினால், 606 தடவைகளில் 335 தடவை தளம் அடைந்தமை புலப்படும். அவ்விகிதம் 0.553. அடிக்கத் தகாததை அடியாது விடும் பொறுமையை முதற்கணக்கு மறைத்தது. இரண்டாம் கணக்கு வெளிப்படுத்திற்று.

ஓர் எண்ணைக் காணுங்கால், அதில் எவை சேர்ந்தன, எவை விடுபட்டன என்று ஆராய்தல் அறிவுடைமை. கிட்டிய எண்ணைக் காத்து ஒதுங்கி நில்லாது, அதற்குத் தான் உரியவன் என்பதைச் செயலால் நிறுவுதல் சால்புடைமை. இவ்விரண்டையும் மாணவர் தம் வாழ்விற் கைக்கொள்வாராக.